ஆல்டிட்யூட்: உயரம் என்றால் போதுமா?

தருமபுரி ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரத்தை எழுதியிருப்பார்கள். கடல் எங்கோ கிடக்கிறது. கணக்கு மட்டும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. விமானிகள் சொல்லும் ஆல்டிட்யூடும் அதே கணக்குதான்.

லத்தீனில் 'ஆல்ட்டுஸ்' என்றால் உயர்ந்தது. ஆழமானதற்கும் அதே சொல்தான். ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் 'அலெரே' அதன் வேர். தமிழில் உயரம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முக்கோணத்தின் ஆல்டிட்யூடுக்குக் குத்துக்கோடு என்று தனிச்சொல் கண்ட பாடநூல் தமிழின் அக்கறை வானத்துக்கு எட்டவில்லை.

விமானிக்கு உயரம் ஒன்றல்ல. காலடித் தரையிலிருந்து அளந்தால் 'ஹைட்'. சராசரிக் கடல் மட்டத்திலிருந்து விமானம் இருக்கும் அளவு 'ஆல்டிட்யூட்'. மலையுச்சியோ ஓடுபாதையோ கடல் மட்டத்துக்கு மேல் இருக்கும் அளவு 'எலிவேஷன்'. ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளி ஓடுபாதையில் ஒரு விமானம் சும்மா நிற்கிறது என்று வையுங்கள்: ஹைட் பூஜ்யம், ஆல்டிட்யூட் ஏறக்குறைய 3,000 அடி!

கண்ணுக்கு எதுவும் தெரியாத மேகத்துக்குள், கருவிகளை நம்பிப் பறப்பவர் ஹைட்டையும் ஆல்டிட்யூடையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, மலைப்பகுதியில் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடையைவிட 2,000 அடியாவது மேலே பறக்க வேண்டும் என்பது விதி. மற்ற இடங்களில் 1,000 அடி. தருமபுரிக்குத் தெற்கே நிற்கும் சேர்வராயன் மலை சுமார் 5,300 அடி. எனவே அதைத் தாண்டுபவரின் கருவி 7,300 அடிக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

அந்தக் கருவியோ காற்றழுத்தத்தை அளந்து அடியாகச் சொல்வது. அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் மேலே போனதும் எல்லா விமானிகளும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அளவுக்குக் கருவியைத் திருப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு கருவி காட்டும் உயரத்தை நூறு அடிக் கணக்கில் சொல்வதுதான் 'ஃபிளைட் லெவல்'; 230 என்றால் 23,000 அடி. கிழக்குப் பாதியை நோக்கிப் போகிறவருக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்குப் பாதிக்கு இரட்டைப்படை. பெங்களூரிலிருந்து சென்னைக்கு 23,000 என்றால், திரும்பும்போது 22,000 அல்லது 24,000.

ஹைட்டுக்குத் தரையுயரம், ஆல்டிட்யூடுக்குக் கடல்மட்ட உயரம், ஃபிளைட் லெவலுக்குப் பறப்பு மட்டம் என்று எழுதலாம். எலிவேஷனுக்கு ஏற்றம் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு ஏற்றம் என்றதும் கிணற்றடிதான் நினைவுக்கு வருகிறது. நிலவுயரம் என்றே எழுதுவேன்.