உறைதல் அல்ல, திரளல்

"களிமண் துகள்கள் நீரில் உறைகின்றன." மொழிபெயர்ப்புகளில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. போன வாரம் என்னிடம் சரிபார்க்க வந்த ஒரு கட்டுரையில் மட்டும் பதினொரு இடத்தில் இருந்தது. ஃப்ளாக்குலேஷன் என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள்.

அதன் வேர் 'ஃப்ளாக்கஸ்' என்ற லத்தீன் சொல். கம்பளிப் பிசிறு என்று பொருள். நீரில் தனித்தனியே அலையும் நுண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிசிறு பிசிறாகச் சேர்வதைக் குறிக்கிறது. கோயாகுலேஷன் என்ற பக்கத்துச் சொல்லுக்குப் பால் உறைவதோடு உறவு உண்டு. அதற்குரிய தமிழை எடுத்து இதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

பால் உறைந்தால் பாத்திரம் முழுக்கத் தயிர். தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி. திரவம் தன் ஓட்டத்தை இழப்பதைத்தான் நாம் உறைதல் என்கிறோம். களிமண் கலங்கலை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கி வையுங்கள். களிமண் தகடுகளின் முகங்களில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பின் அயனிகள் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். அப்புறம் மெல்லிய பிசிறுகள் தோன்றி இறங்கும், மேலே நீர் தெளியும். குவளையைச் சாய்த்தால் நீர் ஓடத்தான் செய்கிறது. இதில் உறைந்தது எது?

'படிதல்' என்பாரும் உண்டு. அது விளைவின் பெயர். 1 மைக்ரோமீட்டர் துகள் தனியாகவே படியும். 10 சென்டிமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், அவ்வளவுதான். சேர்ந்ததால் வேகமாகப் படிகிறது. அந்தச் சேர்தலுக்கு அல்லவா பெயர் வேண்டும்?

அந்தப் பெயர் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. 'வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல' என்கிறோம். மோரில் சிதறிக் கிடக்கும் கொழுப்புத் துளிகள் ஒன்றுகூடுவது திரளல். கடையும்போது புகும் காற்றுக் குமிழிகளில் அந்தத் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. குமிழி உடையும்போது ஒன்றோடொன்று சேர்கின்றன. நீரை ஒட்டவிடாத பரப்புள்ள துகள்களிலும் இதற்கு நெருங்கிய ஒன்று நடக்கும். பரப்பில் மெல்லிய வளிப்படலம் தங்கியிருந்தால், இரண்டு துகள்கள் நெருங்கும்போது படலங்கள் இணைந்து பாலமாகி அவற்றை இழுத்துப் பிடிக்கும். 'வளிப்படலத்தால் துகள்கள் திரள்கின்றன' என்று எழுதினால் படித்த உடனே புரிகிறது. 'உறைகின்றன' என்று எழுதினால் வாசகர் குளிரைத் தேடுவார்.

திரள், திரட்டி, திரள்கலைத்தல் என்று குடும்பமும் தானாக அமைகிறது. பீங்கான் தொழிலில் களிமண் குழம்பு இளகி ஓட சோடியம் சிலிக்கேட் சேர்ப்பார்கள், அது திரள்கலைத்தல். அந்தக் கட்டுரையில் இதற்கு என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'உருகுதல்'. முதல் சொல் பிசகியதால் வந்த பிசகு இது. பன்னிரண்டாவது திருத்தமாக அதையும் மாற்றி அனுப்பினேன்.