பள்ளிக்கூடத்துக்கு எழுதி வெச்ச அலைக்கற்றை 5ஜி ஆன கதை

போன் வாங்குறப்ப ஸ்பெசிபிகேஷன்ல பி41, என்41னு ரெண்டு இருக்கும், நம்ம யாரும் அதை நின்னு படிக்கிறதில்ல. ரெண்டும் ஒரே பேண்டைத்தான் சொல்லுது, பேண்ட்னா அலைக்கற்றையில ஒரு துண்டு. 2496 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 2690 வரைக்கும் போகும், மொத்தம் 194 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவுல டி-மொபைல்ங்கற போன் கம்பெனியோட 5ஜி வேகமா ஓடுதுன்னா அதுக்கு பெரிய காரணம் இந்த பேண்ட்தான். ஆனா இதுல பாதிக்கு மேல பள்ளிக்கூடம், காலேஜ், கத்தோலிக்க மறைமாவட்டம்னு இவங்களுக்காக ஒதுக்கி வெச்ச இடம். ஊர்ல பள்ளிக்கூடத்துக்குன்னு நிலம் எழுதி வெப்பாங்கல்ல, அந்த மாதிரி. அந்த நிலம் என்ன ஆச்சுங்கறதுதான் விஷயம்.

1963ல அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி, 2500 மெகாஹெர்ட்ஸ்க்கு மேல ஆளுக்கு 6 மெகாஹெர்ட்ஸ்னு 31 சேனல் பிரிச்சு கல்வி டிவிக்குன்னு குடுத்துச்சு. 6 ஏன்னா அந்த ஊர் அனலாக் டிவி சேனல் ஒண்ணுக்கு அவ்வளவு இடம் வேணும். ஒரு உயரமான டவர்ல இருந்து ஒரு வாத்தியார் பாடம் எடுப்பாரு, சுத்துவட்டாரத்துல இருக்குற எல்லா ஸ்கூலும் பாக்கும். இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு, 2.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை சாதாரண டிவி பொட்டிக்கு புரியாது, அதோட அவ்வளவு உயர்ந்த ஃப்ரீக்வென்சி கேபிள்ல இறங்கி வர்றதுக்குள்ளயே தேய்ஞ்சு போயிடும். அதனால ஸ்கூல் மொட்டைமாடியில ஒரு ஆன்டெனா, அது பக்கத்துலயே டவுன்கன்வெர்ட்டர்னு ஒரு சின்ன பொட்டி. வர்ற சிக்னலோட இது தனக்குள்ள உண்டாக்குற இன்னொரு அலையை கலக்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் டிவிக்கு புரியற ஃப்ரீக்வென்சியா வெளிய வரும், அதை கேபிள்ல கீழ கிளாஸ்ரூமுக்கு இறக்குவாங்க. கலந்து கழிச்சு கீழ இறக்குற இதே வேலைய இன்னைக்கு நம்ம வீட்டு டிஷ் தலையில இருக்குற எல்என்பியும் பண்ணுது.

சரி, 2.5ல அப்படி என்ன இருக்கு? அலைநீளம் 12 சென்டிமீட்டர். கால் அலை ஆன்டெனான்னா 3 சென்டிமீட்டர் போதும், அதனால போனுக்குள்ள நாலு வெச்சாலும் இடம் இருக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் ரொம்ப தூரம் போகும், சுவரையும் தாண்டும், ஆனா அங்க கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். 28 கிகாஹெர்ட்ஸ்ல இடம் கொட்டிக் கிடக்கு, ஆனா கை குறுக்க வந்தாலே சிக்னல் தடுமாறும். 2.5 நடுவுல இருக்கு, கிலோமீட்டர் கணக்குல போகவும் செய்யும், ஒரே கம்பெனிக்கு 100 மெகாஹெர்ட்ஸ்க்கு மேல சேர்த்து குடுக்கவும் இடம் இருக்கு. மழையில நனைஞ்ச இலை மட்டும் இதுக்கு ஆகாது, அடர்ந்த காடுன்னா சிக்னல் நல்லாவே இளைச்சுடும்.

1983ல அந்த 31ல எட்டு சேனலை எடுத்து வியாபாரத்துக்கு குடுத்தாங்க, மிச்சம் இருந்தவங்களும் தேவைக்கு மேல இருக்குற நேரத்தை குத்தகைக்கு விடலாம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் மிச்சத்துல ஸ்கூல்களுக்கு 20 சேனல் நிலைச்சுது, வயர்லெஸ் கேபிள் டிவி கம்பெனிங்க வந்து வாடகைக்கு எடுத்தாங்க. டவர் நடத்துற செலவுக்கு அந்த வாடகைதான் கைகுடுத்துச்சு, அதனால குத்தகையே தப்புன்னு நான் சொல்ல வரல.

பெரிய மாற்றம் 2004. ஒருவழி டிவி போய் ரெண்டுவழி இன்டர்நெட் வரணும்னு பேச்சு வந்தப்ப பழைய அமைப்பு இடைஞ்சலா நின்னுச்சு. ஏன்னா சேனல்களை ஏ1, பி1, ஏ2, பி2ன்னு மாத்தி மாத்தி கோர்த்திருந்தாங்க, ஒருத்தருக்கு நாலு சேனல் இருந்தாலும் நாலும் சேர்ந்தாப்புல இருக்காது. அதோட பக்கத்து சேனல்ல உயரமான டவர்ல ஒருத்தர் முழு பவர்ல டிவி விட்டுட்டு இருக்க, இந்தப் பக்கம் கையில இருக்குற சின்ன மோடம் பேசுறது எப்படி கேக்கும், திருவிழா ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு காதுக்குள்ள ரகசியம் சொல்ற மாதிரிதான். அதனால மொத்தத்தையும் பிரிச்சு அடுக்கினாங்க: சத்தம் போடுற டிவி எல்லாம் நடுவுல 42 மெகாஹெர்ட்ஸ்க்குள்ள, அதுக்கு ரெண்டு பக்கமும் 4 மெகாஹெர்ட்ஸ் வெத்து இடம், அதுக்கு வெளிய கீழயும் மேலயும் குறைஞ்ச பவர் இன்டர்நெட். ஏ1, ஏ2, ஏ3 மூணும் ஆளுக்கு 5.5ஆ ஒண்ணா ஒட்டி 16.5 மெகாஹெர்ட்ஸ் துண்டாச்சு. பேரும் எஜுகேஷனல் பிராட்பேண்ட் சர்வீஸ், சுருக்கமா இபிஎஸ்னு மாறிச்சு. குத்தகைக்கு விட்டாலும் 5 சதவீதம் திறனை படிப்புக்கு ஒதுக்கணும்னு விதி.

எல்லை பிரிச்ச விதம் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். ஒவ்வொரு லைசென்ஸும் ஒரு புள்ளிய சுத்தி 35 மைல் வட்டம். ஒரே சேனல்ல ரெண்டு ஸ்கூலோட வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா நடுவுல வெள்ளரி விதை வடிவத்துல ஒரு துண்டு வரும், அமெரிக்கக்காரங்களுக்கு அது அவங்க ஊர் ஃபுட்பால் மாதிரி தெரியும். ரெண்டு வட்டமும் வெட்டிக்கிற ரெண்டு புள்ளிய ஒரு நேர்கோட்டால சேர்த்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்குன்னு முடிச்சாங்க. அந்தத் தொழில்ல இருக்கவங்க இதுக்கு ஃபுட்பாலை பிளக்கறதுன்னே பேரு வெச்சிருக்காங்க.

ஆனா வட்டமே போடாத இடம்? 1995க்கு அப்புறம் புது லைசென்ஸுக்கு விண்ணப்பம் வாங்குறதையே நிறுத்திட்டாங்க. விதிவிலக்கா ஒண்ணு ரெண்டு போச்சே தவிர நாட்டோட பரப்பளவுல சுமார் பாதி இடத்துல இந்த பேண்ட் கால் நூற்றாண்டு தரிசா கிடந்துச்சு, அதுவும் பெரும்பாலும் வேற இன்டர்நெட் இல்லாத கிராமப்புறத்துல. இத நினைச்சாதான் எனக்கு மனசு ஆறமாட்டேங்குது. அலைக்கற்றை எண்ணெய் மாதிரி இல்ல, இன்னைக்கு எடுக்காட்டி நாளைக்கு எடுத்துக்கலாம்னு பூமிக்குள்ள காத்திருக்காது, உபயோகிக்காத ஒரு நாள் போனா போனதுதான்.

குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு மிச்சிகன் மாநிலத்துல மார்க்வெட் ஊர்ல பாக்கலாம். அங்க நார்தர்ன் மிச்சிகன் யுனிவர்சிட்டி குத்தகைக்கு விடாம தானே 2009ல வைமேக்ஸ்ங்கற வயர்லெஸ் இன்டர்நெட் நெட்வொர்க் போட்டுச்சு. பசங்களுக்கு காலேஜே லேப்டாப் குடுக்குற வழக்கம் அங்க முன்னாடியே இருந்துச்சு, இப்ப கேம்பஸ் தாண்டி வாடகை வீட்லயும் காலேஜ் நெட் கிடைச்சுது. 2011 பிப்ரவரியில ஒபாமா நேர்ல வந்து பாத்து பேசிட்டு போனாரு. பின்னாடி எல்டிஇக்கு, அதாவது 4ஜிக்கு மாறி சுத்துப்பட்டு ஊர்களுக்கும் விரிஞ்சுது.

இன்னொரு இடம் கிராண்ட் கேன்யனுக்குள்ள இருக்குற சூப்பாய், ஹவாசுபாய் பழங்குடி மக்களோட கிராமம். ரோடு கிடையாது, மலை விளிம்புல இருந்து 8 மைல் நடக்கணும், தபாலே கோவேறு கழுதை மேலதான் போகும். இங்க ஃபைபர் தோண்டறத நினைச்சும் பாக்க முடியாது. மியூரல்நெட்னு ஒரு லாபநோக்கமில்லாத அமைப்போட உதவியில இந்த இபிஎஸ் பேண்டுக்கு மொதல்ல தற்காலிக அனுமதி, அப்புறம் நிரந்தர லைசென்ஸ் வாங்கி அவங்களே நெட்வொர்க் போட்டாங்க. பள்ளத்தாக்குக்குள்ள வீடுகள் நெருக்கமா இருக்கறதால கொஞ்ச உபகரணமே போதுமா இருந்துச்சு.

2019 ஜூலையில எஃப்சிசி கல்வி நிபந்தனைய மொத்தமா எடுத்துடுச்சு. லைசென்ஸ் வெச்சிருந்த ஸ்கூல்கள் அதை வெச்சுக்கலாம், குத்தகைய தொடரலாம், கம்பெனிக்கு வித்தும் போடலாம். புது ஸ்கூல்களுக்கு முன்னுரிமை குடுங்கன்னு கேட்டதை ஏத்துக்கல, கிராமப்புற பழங்குடி நிலங்களுக்கு மட்டும் முதல்ல வாய்ப்பு குடுத்தாங்க, அது நல்ல முடிவு. 2020 பிப்ரவரி 3ல அதுக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பிச்சாங்க, அடுத்த மாசமே கொரோனா. அலுவலகமே பூட்டிக் கிடந்த நேரத்துல அவகாசம் நீட்டச் சொல்லி பழங்குடி அமைப்புகள் கேட்டாங்க, ஆகஸ்ட் 3ல முடிய வேண்டியதுக்கு 30 நாள் கூட்டி செப்டம்பர் 2ல மூடிட்டாங்க. அப்படியும் 400க்கு மேல விண்ணப்பம் வந்துச்சு.

மிச்சம் இருந்த தரிசு மொத்தமும் 2022ல ஏலம் போச்சு, 8,000 லைசென்ஸ் பக்கம், 42.8 கோடி டாலர் கிட்ட. அதுல 7,156 லைசென்ஸை டி-மொபைல் எடுத்துச்சு, ஏன்னா ஸ்பிரிண்ட்ங்கற இன்னொரு போன் கம்பெனிய 2020ல வாங்கினதுல ஏற்கனவே இந்த பேண்ட்ல பெரும்பகுதி ஸ்கூல்கள்கிட்ட இருந்து குத்தகையா அவங்க கையிலதான் இருந்துச்சு, வட்டங்களுக்கு நடுவுல விட்டுப்போன துண்டு வேற யாருக்கும் அவ்வளவா பிரயோஜனப்படாது.