கல்லை எடுத்துவிட்டால் கல்லறை காலியாகிவிடாது

பழைய தேவாலய வளாகம் ஒன்றில் குழாய் பதிக்கக் காலையிலேயே பள்ளம் தோண்டிவிட்டு, மதியம்தான் தொல்லியல் ஆய்வாளனான எனக்குப் போன் செய்தார்கள். "சார், ஏதோ மாட்டெலும்பு மாதிரி வருது." அள்ளிக் குவித்த மண்ணில் கிடந்தது மனிதத் தாடை, பற்களோடு. இப்படி ஒரு போன் இனி யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "கல்லறைக் கல்லே இல்லையே, உடல்களை எப்பவோ வேற இடத்துக்கு மாத்தியிருப்பாங்க." மாற்றவில்லை ஐயா! கல்லறைத் தோட்டத்தைப் பூங்காவோ கார் நிறுத்துமிடமோ ஆக்கும்போது கற்களைப் பெயர்த்து மதிலோரம் சாய்த்து வைத்தார்கள். கீழே படுத்திருப்பவர்களைப் பெரும்பாலும் யாரும் தொடவில்லை. கல் வைக்க வசதியில்லாத ஏழைகள்தான் அங்கே அதிகம், அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அடையாளம் கிடையாது. போதாததற்கு, ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் புதைத்திருப்பார்கள். முந்தியவரின் எலும்புகளை ஒதுக்கி, அதே குழியில் அடுத்தவரை வைத்திருப்பார்கள். பழைய கல்லறைத் தோட்டங்கள் பல சுற்றியுள்ள தரையைவிட மேடாக இருப்பது அதனால்தான்.

லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு அருகே, ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸை 1814-இல் புதைத்தார்கள். ரயில் நிலையம் விரிந்தபோது கல் போயிற்று. நடைமேடைக்கு அடியில் போய்விட்டார் என்றே பலர் நம்பினார்கள். அதிவேக ரயில் பாதைக்காக அகழ்ந்தபோது, சவப்பெட்டியின் ஈயப் பெயர்த்தகட்டோடு கிடைத்தார். அறிவித்தது 2019-இல். ஆள் எங்கும் போகவில்லை.

"ஆறடிக்குக் கீழேதானே இருக்கும், நாங்க மூணடிதான் தோண்டுறோம்" என்பது அடுத்தது. குழந்தைகளைச் சுவரோரம் ஆழமில்லாமலேயே புதைத்திருப்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2012-இல் கிடைத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புக்கூட்டில் பாதங்களே இல்லை. பிற்காலக் கட்டட வேலையில் போனவை என்கிறார்கள். மன்னருக்கே அந்தக் கதி.

ஒரு சின்ன விஷயம். மண்டையோட்டில் பச்சைக் கறையைப் பார்த்து விஷம் என்று மிரண்டுபோனவர்கள் உண்டு. உடலைச் சுற்றிய துணியில் குத்திய குண்டூசியின் செம்பு அது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? பொக்லைன் வந்த பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள், வரைபடம் போடும்போதே கூப்பிடுங்கள். குழாயை இரண்டு அடி தள்ளிப் போட்டாலோ அஸ்திவாரத்தை ஆழமில்லாமல் அமைத்தாலோ பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பொக்லைனின் வாளி பல் இல்லாததாக இருக்கட்டும். பல் வைத்த வாளி கிழித்த மண்ணில் பழைய புதைகுழியின் நிற வித்தியாசம் எனக்கே தெரியாது. நான் கையைத் தூக்கினால் இயந்திரம் நிற்க வேண்டும், "இன்னும் ஒரு வாளி" பேரமெல்லாம் வேண்டாம். ஈயப் பெட்டி தென்பட்டால் திறக்காதீர்கள், ஈயத்தூள் விளையாட்டல்ல. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அனுமதி விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம். இங்கிலாந்தில் 1857-ஆம் ஆண்டு அடக்கச் சட்டப்படி, உரிய அனுமதி இல்லாமல் புதைத்த உடலை அப்புறப்படுத்துவது குற்றம்.

கடைசியாக ஒரு கெஞ்சல். தெரியாமல் தோண்டிவிட்டீர்கள் என்றால், பயந்துபோய் மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். குவியல் அங்கேயே கிடந்தால் சலித்து எடுத்து, அதே வளாகத்தில் மறுபடி புதைக்க வழி பார்க்கலாம். வேலை ஒரு நாள் நிற்கும், நிற்கட்டும்.