பொம்மையில் பழகிய கை: பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்க டாக்டர்களுக்கு அரசு தரும் பயிற்சி என்ன, உங்களுக்கு என்ன உரிமை?

கடலூர் பக்கம் லேபர் வார்டு வாசலில் ஒரு ராத்திரி டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம். மகளை உள்ளே அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "ஏன் தம்பி, படிக்கிற புள்ளைங்க எங்க கொழந்த மேலயா கைய வச்சுப் பழகுவாங்க?" இதில் கோபப்பட ஒன்றுமில்லை, நியாயமான கேள்விதான். இதற்கு அரசாங்கத்திடம் திட்டமும் இருக்கிறது, விதியும் இருக்கிறது. யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். நூறு குழந்தை பிறந்தால் ஏறக்குறைய 85 குழந்தைகள் தானாகவே மூச்சு விட்டுவிடும். இன்னும் 10 குழந்தைகளுக்கு உடம்பைத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். மீதியில் ஐந்து பேருக்கு மாஸ்க்கை முகத்தில் வைத்து ஆம்பு பையை அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும், ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடும் வேலை, அதாவது இன்டுபேஷன். ஆனால் அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது, தெரிந்த பிறகு கையில் இருப்பதோ முதல் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் மாஸ்க் வழியாகக் காற்று போக ஆரம்பித்துவிட வேண்டும். டாக்டர்கள் அதைத் 'தங்க நிமிடம்' என்பார்கள்.

இதை உயிருள்ள குழந்தையிடம் கற்றுக்கொள்வது முன்பே சிரமம், இப்போது இன்னும் சிரமம். முன்பெல்லாம் வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்ட குழந்தை துவண்டு பிறந்தால் உடனே ட்யூப் போட்டு உறிஞ்சி எடுப்பார்கள், இளம் டாக்டர்களுக்கு அதில் கை பழகும். 2015க்குப் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் அப்படி வழக்கமாகச் செய்ய வேண்டாம், முதலில் மூச்சைக் கொடு என்று மாற்றிவிட்டன. குறைமாதக் குழந்தைகளுக்கும் ட்யூபுக்குப் பதில் மூக்கு வழியாகவே அழுத்தம் கொடுக்கும் சிபேப் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு இது நல்லது. ஆனால் மூன்று வருடம் பி.ஜி. படித்து முடிப்பவர் போட்டிருக்கும் ட்யூப்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அதனால்தான் பொம்மை.

பொம்மை என்றதும் திருவிழாக் கடை பிளாஸ்டிக் பொம்மையை நினைக்காதீர்கள். நியோநேட்டலி என்று ஒன்று உண்டு, உள்ளே தண்ணீர் நிரப்பினால் கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, தூக்கினால் தலை நிஜக் குழந்தை மாதிரியே தொங்கும். மாஸ்க் சரியாகப் பொருந்தினால்தான் அதன் நெஞ்சு ஏறி இறங்கும். நான் முதல்முறை அழுத்தியபோது நெஞ்சு அசையவே இல்லை. மூக்கோரம் காற்று புஸ்ஸென்று கசிந்துகொண்டிருக்க, நானோ பை ஓட்டையோ என்று பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்! பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் தோளுக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்தார், அடுத்த அழுத்தலில் நெஞ்சு ஏறியது. பிறந்த குழந்தைக்குப் பிடரி பெரிது, மல்லாக்கப் படுக்க வைத்தால் தலை முன்னால் மடங்கித் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்காக ரொம்பப் பின்னால் சாய்த்தாலும் அடைக்கும். இதைப் புத்தகத்தில் நான் பத்துத் தடவை படித்திருக்கிறேன்.

ட்யூப் விஷயம் இன்னும் நுணுக்கம். குழந்தை ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் 2.5 மில்லிமீட்டர் ட்யூப், ரெண்டு கிலோ வரை 3, அதற்கு மேல் 3.5. எவ்வளவு ஆழம் என்பதற்குக் குழந்தையின் எடையோடு ஆறைக் கூட்டு என்று ஒரு கணக்கு, ரெண்டு கிலோ குழந்தைக்கு உதட்டருகே 8 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கூடிவிட்டால் ட்யூப் வலது நுரையீரல் பக்கம் போய்விடலாம். ஒரு முயற்சிக்கு 30 விநாடிதான், முடியாவிட்டால் வெளியே வந்து மறுபடி மாஸ்க் வைக்க வேண்டும். பொம்மையில் பயிற்சி கொடுப்பவர் ஸ்டாப் வாட்சோடு நிற்பார். பொம்மைக்கு எச்சில் கிடையாது, ரத்தம் கிடையாது, இதயத்துடிப்பு இறங்கி நம்மைப் பதற வைக்காது, அதனால் அதில் ஜெயித்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று இல்லை. ஆனால் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியை எந்தக் கையில் பிடிப்பது (இடது கையில்தான், இடது கைக்காரர்களுக்கும் வலது கைக்காரர்களுக்கும் அதேதான்) என்பது போன்ற தடுமாற்றமெல்லாம் பொம்மையோடு முடிந்துவிட வேண்டும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். மத்திய அரசு 2009இல் நவஜாத் சிசு சுரக்ஷா கார்யக்ரம் என்று ஒன்றை ஆரம்பித்தது. பெயர் வாயில் நுழையாது, நோக்கம் எளிது: பிரசவம் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் குழந்தைக்கு மூச்சு கொடுக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், துணைச் செவிலியர் எல்லாருக்கும் ரெண்டு நாள் பயிற்சி. குளிர் படாமல் காப்பது, தொற்று வராமல் பார்ப்பது, சீக்கிரம் தாய்ப்பால் கொடுக்க வைப்பது, பொம்மையில் ஆம்பு பை பிடிப்பது எல்லாம் அதில் வரும். ட்யூப் போடுவது இந்த ரெண்டு நாளின் நோக்கம் இல்லை. என் கணக்கில் அது குறையும் இல்லை, ஏனென்றால் மாஸ்க்கைச் சரியாகப் பிடித்தாலே பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும்.

அதற்கு மேல் இருக்கிறது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு, நாம் எஸ்.என்.சி.யு. என்று சொல்வது, மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவில் இருப்பது. அங்கே வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நாலு நாள் வகுப்பு, அப்புறம் ரெண்டு வாரம் பெரிய மருத்துவமனை ஒன்றில் கூடவே இருந்து பார்த்துப் பழகுதல். மருத்துவக் கல்லூரிகளில் 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே பொம்மையில் பச்சிளங்குழந்தைக்கு உயிர்மூச்சு கொடுக்கும் பயிற்சி இருக்கிறது, அதற்கான திறன் பயிற்சிக் கூடமும் கல்லூரியில் இருந்தாக வேண்டும். ட்யூப், மார்பு அழுத்தம், தொப்புள் கொடி வழி மருந்து என்று போகும் மேம்பட்ட பயிற்சியை இந்திய குழந்தை மருத்துவர் சங்கமும் தேசிய பச்சிளங்குழந்தை மருத்துவ அமைப்பும் நடத்துகின்றன. அதற்குக் கட்டணம் உண்டு. படிக்கிற பிள்ளைகள் அதைச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது, கடைசி வருடத்துக்குத் தள்ள வேண்டாம்.

இனி என் ஆதங்கம். பயிற்சி ஒரு தடவை கொடுத்து, சர்டிஃபிகேட் கொடுத்து, போட்டோ எடுத்து முடித்துவிடுகிறோம். கை அப்படி வேலை செய்யாது, பழக்கம் விட்டால் சில மாதங்களிலேயே மங்கிவிடும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பொம்மை பீரோவில் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் லீவு. தொலைந்தால் யார் கட்டுவது என்ற பயம், வேறென்ன. பொம்மை, பிறந்த குழந்தையைக் கிடத்திச் சூடு கொடுக்கும் வார்மர் மேசை பக்கத்திலேயே கிடக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது ஆளுக்கு ரெண்டு நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இதற்குத் தனி உத்தரவோ நிதியோ தேவையில்லை, ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பயப்படாத ஒரு வார்டு இன்சார்ஜ் போதும்.

பெற்றவர்களுக்கு உள்ள உரிமை வேறு திட்டத்தில் வருகிறது: ஜனனி சிசு சுரக்ஷா கார்யக்ரம், 2011 ஜூன் 1இல் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியனாக இருந்தாலும், இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எதற்கும் காசு கிடையாது. முதலில் 30 நாள் வரை என்று இருந்ததை அப்புறம் ஒரு வயது வரை நீட்டிவிட்டார்கள். கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 104க்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

பிரசவத்துக்குச் சேர்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள், சண்டைக்கு இல்லை, சாதாரணமாக: "குழந்தை அழலைன்னா பாக்குறதுக்கு இன்னிக்கு டியூட்டியில யாரு சிஸ்டர் இருக்காங்க?" பெயர் சொன்னால் நிம்மதி. சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே உள்ளே போய் ஒரு ஆளை வார்மர் பக்கம் நிற்க வைக்கும்.

நம்ம பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம். பண்ருட்டியிலோ குறிஞ்சிப்பாடியிலோ பிறந்த குழந்தையைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் எல்லோரும் வண்டி எப்போது வரும் என்றுதான் பறப்பார்கள். 108 வந்ததும் ஏறுவதற்கு முன்னால் ரெண்டு விஷயம் பாருங்கள்: குழந்தை அளவு மாஸ்க்கும் பையும் வண்டியில் இருக்கிறதா, அதைப் பிடிக்கத் தெரிந்தவர் குழந்தை பக்கத்திலேயே உட்காருகிறாரா. கடலூர் டவுனிலிருந்தே புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வழியெல்லாம் நெரிசல். மூச்சு நடுவழியில் நின்றால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு மாஸ்க்கை வைக்கப்போவது அந்தப் பக்கத்து சீட்டுக்காரர்தான்.