நாற்காலிய வட்டமா போட்டா மட்டும் போதாதுங்க

மலேசியாவுல கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி), சுத்தியும் செம்பனை, முன்னாடி எல்லாம் ரப்பர், தோட்டத்த வித்தப்புறம் லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) இருந்த சனங்கதான் பெரும்பாலும் இங்க வந்து குடியேறினாங்க. மழை காலம் வந்தா பின்வரிசை வீட்டு அடுப்படியில தண்ணி ஏறும். அதப்பத்தி எல்லாரும் உக்காந்து பேசணும், வந்து நடத்திக் குடுங்கன்னு என்னைக் கூப்பிட்டாங்க. எனக்கு பன்னெண்டு வருஷமா இதான் வேலை, சங்கம், பெற்றோர் குழு, நோயாளிங்க குழுன்னு ஊர் ஊரா போய் ஆளுங்கள ஒண்ணா உக்கார வெச்சு பேச வைக்கிறது.

முதல் கூட்டத்துல முன்னாடி மேசை, மேசைக்குப் பின்னால நாலு நாற்காலி, ஒரு மைக். மைக் வெச்சிருந்தவர் நல்ல மனுசன், ஊருக்கு நிறைய செஞ்சவர், ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில "எல்லாருக்கும் சம்மதம்தானே?"ன்னு கேட்டதும் நாப்பது தலையும் ஆடுச்சு. வெளிய வந்து தே குடிக்கிறப்பதான் உண்மையான கூட்டமே ஆரம்பிச்சுது, "இப்படி செஞ்சா தண்ணி எங்க போகும், அவருக்கு என்ன தெரியும்"னு வாசல்ல நின்னு அரை மணி நேரம் பேசுறாங்க, உள்ள ஒருத்தரும் வாயத் திறக்கல.

இது நம்ம ஊர் சனங்களோட குறை கிடையாது, தயவு செஞ்சு அப்படி நினைக்காதீங்க. ஹாரிசன் ஓவன்னு ஒரு அமெரிக்கர், ஒரு வருஷம் பாடுபட்டு பெரிய மாநாடு நடத்தினார், முடிஞ்சதும் எல்லாரும் பாராட்டினது இடைவேளை கோப்பி நேரத்தத்தான். அதையே பிடிச்சுக்கிட்டு 1985-ல ஓப்பன் ஸ்பேஸ்னு ஒரு முறைய கொண்டு வந்தார். முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் கிடையாது, யாருக்கு எது முக்கியமோ அத ஒரு தாள்ல எழுதி சுவத்துல ஒட்டணும், விருப்பப்பட்டவங்க அந்த தாள்கிட்ட போய் கூடணும், இங்க நமக்கு எடுக்கவும் ஒண்ணுமில்ல குடுக்கவும் ஒண்ணுமில்லன்னா எழுந்து அடுத்த கூட்டத்துக்கு நடந்துடலாம். ஆனா பெரியவர் பேசிக்கிட்டு இருக்கும்போது எழுந்து போறது நம்ம பக்கம் மரியாதைக் குறைச்சல், அதனால அந்த ஒரு விதிய மட்டும் நான் இங்க அப்படியே போட மாட்டேன், மணி அடிச்சு எல்லாரையும் ஒரே நேரத்துல இடம் மாத்தி விட்டுடுவேன்.

ரெண்டாவது கூட்டத்துல மேசைய எடுத்தாச்சு, வட்டமா நாற்காலி போட்டாச்சு. அப்பவும் மௌனம். வட்டத்துல உக்காந்தே எல்லாரும் அந்த ஐயா முகத்தையே பாக்குறாங்க. காலங்காத்தால பெரட்டுல (வேலைக்கு ஆள் எடுக்கிற வரிசையில) நின்னு, கங்காணி பேர் கூப்பிட்டா மட்டும் வாயத் திறந்த தலைமுறை, அவங்க வளத்த பிள்ளைங்க. 1941-ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சப்ப, சம்பளத்தோட சேத்து அவங்க கேட்டதுல ஒண்ணு என்ன தெரியுமா, வெள்ளைக்காரத் துரையப் பாத்தா சைக்கிள விட்டு இறங்கணுங்கிற பழக்கத்த நிறுத்தணும்னு. அவ்வளவு ஆழமா போயிருக்கிற ஒரு விஷயத்த நாற்காலிய சுத்திப் போட்டு ஒரு சாயங்காலத்துல மாத்த முடியுமா?

அதனால மூணாவது தடவை யாரையும் எழுந்து பேசச் சொல்லல. தரையில தாமான் வரைபடம் பெருசா வரைஞ்சு, ஆளுக்கு மூணு ரப்பர் கொட்டை குடுத்து, தண்ணி முதல்ல எங்க ஏறுதோ அங்க வைங்கன்னேன், யாரும் யார்கிட்டயும் கேக்கக் கூடாது. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1906-ல இங்கிலாந்துல பிளைமத் சந்தையில ஒரு மாட்டோட இறைச்சி எடைய யூகிக்கிற போட்டி, 787 சீட்ட ஃபிரான்சிஸ் கால்டன் எடுத்து ஆராஞ்சு பாத்தார், வரிசைப்படுத்தினா நடுவுல வந்த யூகம் 1207 பவுண்டு, உண்மையான எடை 1198. அடுத்தவன் என்ன சொல்றான்னு பாக்காம ஆளாளுக்கு தனியா எழுதிப் போட்டதாலதான் அது வேலை செஞ்சுது, முதல் ஆள் சத்தமா ஒரு எண்ண சொல்லியிருந்தா பாதிப் பேர் அது பின்னாடியே போயிருப்பாங்க. ஆனா எடைங்கிறது ஒரே எண், நம்ம தண்ணி பிரச்சனை அப்படி இல்ல, ஆளுக்கு ஒரு துண்டு தெரியும், அந்த துண்டுகள ஒட்டணும்.

கொட்டை எல்லாம் வெச்சதும் பாத்தா, பாதிக்கு மேல லொங்காங் (சாக்கடை) பக்கம் இல்ல, பேட்மிண்டன் கோர்ட் மூலையில கிடக்குது. ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆள்கிட்ட மட்டும் ரெண்டு நிமிஷம் பேசுங்கன்னேன். ரப்பர் பால் வெட்டின பாட்டி ஒருத்தங்க, பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட மெதுவா, "அங்க பழைய தோட்டத்து கால்வாய் போச்சு தாயி, மூடிட்டாங்க, தண்ணிக்கு வழி மறக்குமா?"ன்னு சொல்றாங்க. அந்தப் பொண்ணுதான் அத வட்டத்துக்கு கொண்டு வந்துச்சு. உடனே லாரி ஓட்டுற அண்ணன், கடல் ஏத்தம் இருக்கிற நாள்ல பிந்து ஆயர் (தண்ணிக் கதவு) மூடியிருக்கும், அன்னிக்கு மழை பெஞ்சாதான் ஏறுது, வெறும் மழைக்கு ஏறலன்னாரு. பாட்டிக்கு கதவ பத்தி தெரியாது, அவருக்கு கால்வாய பத்தி தெரியாது. நான் அந்த நேரத்துல செஞ்ச வேலை வாய மூடிக்கிட்டு பாட்டி விரல் போற இடத்துல சுண்ணாம்புக் கட்டியால கோடு போட்டது மட்டும்தான்.

முடிவெடுக்கிறப்ப "சம்மதமா"ன்னு கேக்காதீங்க, நம்மகிட்ட அந்தக் கேள்விக்கு தலையாட்டல்தான் பதில். நெதர்லாந்துல கெரார்ட் எண்டன்பர்க்னு ஒரு இஞ்சினியர் 1970கள்ல தன்னோட எலக்ட்ரிக் கம்பெனியில கொண்டு வந்த முறையில கேள்வியே வேற, இதனால குழுவோட வேலை கெட்டுப் போகும்னு யாருக்காவது தோணுதா, காரணம் என்ன? அப்படி கேட்டப்பதான் ஒரு அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேந்து செய்யிற ஊர் வேலை) வெச்சா பாசார்ல கடை போடுற நாங்க ஆறு வீடும் வர முடியாது, அப்புறம் வரலன்னு எங்களத்தான் பேசுவீங்கன்னு சொன்னாங்க. நாள் மாறுச்சு.

இன்னொரு விஷயம், இத நான் பட்டுக் கத்துக்கிட்டது. தலைவர் வேணாம்னு சொல்லிட்டு பொறுப்பையும் சேத்து வேணாம்னு விட்டா குழு செத்துடும். வேற ஒரு ஊர்ல ஒரு அம்மாக்கள் குழுவுல நான் அதத்தான் செஞ்சேன், எல்லாரும் சமம், பதவி கிடையாதுன்னு பெருமையா சொன்னேன், ஆறே மாசத்துல காசு, சாவி, வாட்சாப் குரூப் எல்லாம் ரெண்டு பேர் கையில, கேட்டா "யார் தலைவர், யாருமே இல்லையே"ங்கிறாங்க. தலைவர்னு ஒருத்தர் இருந்தா மாத்தலாம், பேரே இல்லாத தலைவர எப்படி மாத்துவீங்க. அமெரிக்காவுல பெண்கள் இயக்கத்துல இருந்த ஜோ ஃப்ரீமன் 1970கள் ஆரம்பத்துலயே இத எழுதி எச்சரிச்சிருக்காங்க, நான் அத லேட்டா படிச்சேன், பதினேழு அம்மாக்கள் நம்பிக்கைய இழந்ததுக்கு நானும் காரணம்.

அதனால இந்த தாமான்ல ஒரு நோட்டு புத்தகம் வெச்சோம். தேவான் (பொது மண்டபம்) சாவி யார்கிட்ட, வசூல் காசு எவ்வளவு, கடிதம் யார் எழுதுறது, எல்லாம் பேர் போட்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கை மாறணும், யார் வேணா எப்ப வேணா புரட்டிப் பாக்கலாம். முதல்ல மைக் பிடிச்ச ஐயாவுக்கு இது மனசு கஷ்டமாதான் இருந்துச்சு, நான் வீட்டுக்கே போய் பேசினேன், இப்பவும் முழுசா ஒத்துக்கல. ஆனா ஆபீசுக்கு எப்படி கடிதம் எழுதணும், எந்த கவுண்டருக்கு போகணும்னு அவருக்குத்தான் தெரியும், அத ரெண்டு பசங்களுக்கு சொல்லிக் குடுக்கிற பொறுப்ப எடுத்துக்கிட்டார்.

போன வாரம் நோட்டப் பாத்தேன். சாவி லாரி அண்ணன்கிட்ட. அதுக்குக் கீழ பேத்தி கையால, பென்சில்ல, பாட்டி பேரு.