மழைமானிக்குத் தெரியாத மழை

1903ஆம் ஆண்டுக் கோடையில் ருடால்ஃப் மார்லோத் என்ற தாவரவியலாளர் தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலை மேல் இரண்டு மழைமானிகளை வைத்திருந்தார். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் வாய்க்கு மேலே ஒரு கட்டு நாணலை நிறுத்தியிருந்தார். சுமார் 8 வாரம் கழித்து அளந்தால், முதலாவதில் ஏறக்குறைய 5 அங்குலம் தண்ணீர். நாணல் வைத்ததில் கிட்டத்தட்ட 80 அங்குலம்!

இந்த 80ஐ அப்படியே மலை முழுவதற்கும் பெருக்கிவிடக் கூடாது. நாணல் கட்டு உயர்ந்து நின்று, பக்கவாட்டில் வந்ததையெல்லாம் ஒரு சின்னக் குழாய்க்குள் இறக்கியிருக்கிறது. ஆனால் மழைமானி பார்க்காத தண்ணீர் ஒன்று அங்கே இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது விரிந்து குளிர்கிறது. நீராவி ஒடுங்கித் துளியாகும்வரை, ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். துளிகள் உண்டானதும் அதுதான் மேகம். மலைமேல் நிற்பவருக்கு அதே மேகம் மூடுபனி. துளிகளோ மிகச் சிறியவை. 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள துளிகள் பத்து லட்சம் சேர்ந்தால்தான் 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று கிடைக்கும். அவ்வளவு சிறிய துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் கீழே இறங்கும். காற்று அதை நொடிக்குப் பல மீட்டர் தள்ளிக்கொண்டு போகிறது. ஆக, இது விழுகிற தண்ணீர் இல்லை, போகிற தண்ணீர். குறுக்கே எதாவது நின்றால்தான் உண்டு.

எவ்வளவு போகிறது? ஒரு கன மீட்டர் மூடுபனியில் 0.2 கிராம் நீர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் நொடிக்கு 5 மீட்டர். ஒரு சதுர மீட்டர் இடத்தை நொடிக்கு 1 கிராம் நீர் கடக்கும். ஒரு மணி நேரத்தில் 3.6 லிட்டர். காடு அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலும் போதும், ஒவ்வொரு மரமும் எத்தனை சதுர மீட்டர் முகம் காட்டி நிற்கிறது என்று பாருங்கள்.

சரி, எப்படிப் பிடிக்கிறது? அகலமான இலைதான் அதிகம் பிடிக்கும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. பஸ் மெதுவாக வளைந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. சட்டென்று திரும்பினால் பக்கத்தில் இருப்பவர் மேல் போய் விழுவோம். அகன்ற பரப்பு எதிரே இருந்தால் காற்று தூரத்திலேயே நிதானமாக வளையத் தொடங்கிவிடுகிறது, துளியும் கூடவே நழுவிப் போய்விடும். மெல்லிய ஊசியிலையை நெருங்கும் காற்று கடைசி நேரத்தில்தான் திரும்புகிறது. துளியால் அந்தத் திருப்பத்தில் ஈடுகொடுக்க முடியாது, நேரே போய் மோதி ஒட்டிக்கொள்கிறது. ஊசியிலை, பாசி இழை, மரக்கிளையில் தொங்கும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) எல்லாம் நல்ல மூடுபனிப் பொறிகளாக இருப்பது இதனால்தான். காற்றை எதிர்கொள்ளும் முகட்டு மரங்களுக்கு அதிகம் கிடைக்கும். அவற்றின் பின்னால் நிற்பவற்றுக்கு மிச்சம்தான்.

ஒட்டிய துளிகள் ஒன்றோடொன்று கலந்து கனக்கின்றன. அப்புறம் சொட்டும், அல்லது தண்டு வழியே வழியும். வழியில் பாசி மெத்தைகள் கொஞ்சத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். சில மரங்கள் இலை வழியாகவே குடித்துவிடுகின்றன. இதோடு இன்னொரு சேமிப்பும் உண்டு: மூடுபனியில் வெயிலும் குறைவு, காற்றிலும் ஈரம் நிரம்பியிருக்கும், அதனால் இலைகள் நீராவியை வெளியே விடுவது வெகுவாகக் குறைகிறது.

மண்ணில் இருக்கும் நீர் மழையா, மூடுபனியா என்று பிரித்தறியவும் வழி இருக்கிறது. மூடுபனி நீரில் கனமான ஐசோடோப்புகள், அதாவது அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்கள், சற்றுக் கூடுதல். டாட் டாசன் என்ற சூழலியலாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னியாவின் ரெட்வுட் என்ற உயரமான ஊசியிலை மரக் காட்டுக்கு ஆண்டில் வரும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூடுபனிச் சொட்டு என்று கணக்கிட்டார். மரமில்லாத திறந்தவெளியில் மூடுபனியின் பங்கு ஏறக்குறைய இதில் பாதிதான்.

மலைமேல் மரத்தை வெட்டினால் மேகம் சும்மா கடந்து போகும். அது எளிதில் புரிகிறது. அடிவாரத்துக் காட்டை அழித்தாலும் மேலே நீர் குறையலாம் என்பதுதான் நான் எதிர்பார்க்காதது. வெட்டவெளியான நிலத்திலிருந்து கிளம்பும் காற்று சூடாகவும் வறண்டும் இருக்கும்; ஒடுங்குவதற்கு அது இன்னும் உயரம் ஏறியாக வேண்டும். மேகத்தின் அடிமட்டம் மேலே நகர்ந்துவிடுகிறது. கோஸ்டாரிக்காவின் மான்டேவெர்டே மேகக்காட்டுக்கு இப்படித்தான் நடக்கிறதா என்று 2001இல் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தார்கள். காடழிந்த கோஸ்டாரிக்கச் சமவெளி மேல் வறண்ட காலத்தில் மேகம் குறைவு. எல்லைக்கு அப்பால், காடு மிஞ்சியிருந்த நிகராகுவா பக்கம் வானம் நிறைய மேகங்கள்.