நோட்டில் இல்லாத நாற்பது மணி நேரம்

பிடித்ததையே தொழிலாக்கி, பணத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் இந்த வருடத்தில் இது நான்காவது ஆள். போன வாரம் ஒரு பெண் நகைக்கடன் நோட்டீஸோடு என் அலுவலகத்துக்கு வந்தார். நான் ஈரோட்டில் வரிக் கணக்குப் பார்ப்பவன். அடகு நகையை மீட்டுத் தர என்னால் ஆகாது. ஆனாலும் மனசு கேட்காமல், "நோட்டு ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

வைத்திருந்தார். நாற்பது பக்க நோட்டு, மணி மணியான கையெழுத்து. ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் பூவேலை செய்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன் 18,000 ரூபாய் சம்பள வேலையை விட்டுவிட்டு, பிடித்ததையே தொழிலாக்கிக்கொண்டார். செல்போனில் படங்களைக் காட்டினார். கல்யாண பிளவுஸின் கையில் மயில் ஒன்று, தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குந்தன் கல். கைத்திறமையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நோட்டில் ஒரு வரி: 'மயில் பிளவுஸ் 4,500. ஜரி, மணி, கல், நூல் 1,100. லாபம் 3,400.'

"இதுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"அதையெல்லாம் யாருங்க சார் கணக்குப் பண்ணுவாங்க? நமக்குப் புடிச்ச வேலைதானுங்களே!"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேக் செய்கிறவரும் இதையேதான் சொன்னார், போட்டோ எடுக்கிற தம்பியும் இதையேதான் சொன்னார். 'பிடித்த வேலையைச் செய்தால் வேலை செய்வது போலவே இருக்காது' என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அங்கேதான் வினையே. வேலை போலத் தெரியாததால் மணியைப் பார்ப்பதில்லை. மணியைப் பார்க்காததால் கூலி போடுவதில்லை. கடைசியில் கூலி, லாபம் இரண்டும் ஒரே பணம் என்று நம்பி ஏமாறுகிறார்கள்.

சரி, உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம் என்றேன். அளவு எடுத்து டிசைன் பேசியது ஒன்றரை மணி நேரம். அப்புறம் டிரேசிங் பேப்பரில் கோட்டோடு கோடாக ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்க வேண்டும். ஃபிரேமில் துணியைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியபின் குனிந்தால் நிமிர நேரமில்லை. கழுத்துக்கு ஒன்றரை நாள், இரண்டு கைக்கும் மூன்று நாள். மொத்தம் 40 மணி நேரம் வந்தது. கடைவீதிக்குப் போய்வந்த செலவு, உடைந்த ஊசி, கறைபட்டு ஈடு கொடுத்த துணி எல்லாவற்றையும் சராசரி போட்டால் பிளவுஸுக்கு 600 ரூபாய். 3,400-ல் அதைக் கழித்தால் மிச்சம் 2,800. மணிக்கு 70 ரூபாய்.

வைகாசி முகூர்த்தத்துக்கு ஆள் போதாமல் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்திருந்தார். அவளுக்கு எட்டு மணி நேர வேலைக்கு 600 ரூபாய், அதாவது மணிக்கு 75. முதலாளியம்மாவைவிட வேலைக்கு வந்தவள் ஐந்து ரூபாய் அதிகம் வாங்கியிருக்கிறாள்! சொன்னதும் சிரித்தார். அப்புறம் கண் கலங்கிவிட்டது. "இப்பல்லாம் ஃபிரேமைப் பார்த்தாலே எரிச்சலா வருதுங்க சார்" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆசையாக உட்கார்ந்து தைத்தவர் இவர்.

மாதம் ஐந்து பிளவுஸ் முடித்தாலும் 14,000 ரூபாய்தான். அதுவும் தை, வைகாசி, ஆவணியில். ஆடியிலும் மார்கழியிலும் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? வீட்டு வாடகைக்கு ஆடி மாதம் தெரியாது.

மணிக்கு 150 ரூபாயாவது உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கூலி 6,000, சாமான் 1,100, மற்ற செலவு 600, ஆக 7,700. "அவ்வளவு யாரு தருவாங்க?" என்றார். தருகிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு விலையைக் குறைக்காதீர்கள், மயிலைக் குறையுங்கள். 4,500 ரூபாய்தான் பட்ஜெட் என்றால் 18 மணி நேரத்தில் முடிகிற டிசைனை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். சொந்தக்காரர்களுக்கும் இதே விதிதான். சித்தி மகள் கல்யாணத்துக்குச் சும்மா செய்து தருவதென்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் நோட்டில் 'மொய்' என்று எழுதி வையுங்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கைக்கு வராமல் ஊசியைத் தொடாதீர்கள். "கல்யாணம் தள்ளிப்போயிருச்சு" என்று போனை வைத்துவிடுவார்கள். கல் பதித்த அந்தத் துணியை வேறு யாருக்குத் தைப்பது?

நகைக்கு வருகிறேன். நகையை அடகு வைத்தது எதற்கு? கடை அட்வான்ஸுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் விளக்குப் பலகைக்கும். ஆரி வேலைக்கு வேண்டியது ஒரு ஃபிரேம், ஊசி, நல்ல வெளிச்சம். முதல் வருடம் வீட்டுத் திண்ணை போதும். கட்டாயம் பணம் வேண்டுமென்றால் சிறுதொழிலுக்கு அரசு தரும் முத்ரா கடன் திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமில்லாமல் கேட்கலாம். பி.எஃப். பணத்தை உருவிக்கொண்டு வேலையை விடுகிறவர்களும் உண்டு. ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு என்பது என் மேஜைக்கு வந்தபின்தான் தெரிகிறது.

சிறுதொழில்களை அரசிடம் பதிவு செய்யும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 2020 ஜூலையில் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். அரசாங்கத் தளம் போலவே தோற்றம் காட்டும் எதிலோ பணம் கட்டிவிட்டு ரசீதோடு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சீட்டுப் பணம், தம்பி அனுப்பியது, பிளவுஸ் பணம் எல்லாம் ஒரே ஜிபே எண்ணில் விழுந்தால் எது வருமானம் என்று நான் எப்படிப் பிரிப்பது? 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு யு.பி.ஐ. வரவை வைத்தே ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். வாடிக்கையாளர் துணியில் வேலை செய்து தருவது சேவை. அதற்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு வருட வரவு 20 லட்சம், பொருள் விற்பவருக்குரிய 40 லட்சம் இல்லை. உங்களில் பெரும்பாலோர் அதைத் தொடப்போவதில்லை என்றாலும், தொடவில்லை என்று காட்டக் கணக்கு வேண்டுமே!

அந்தப் பெண்ணைக் கடையைக் காலி செய்து அட்வான்ஸை வாங்கி முதலில் வட்டியைக் கட்டச் சொன்னேன். காலையில் ஒரு இடத்தில் பாதிநாள் வேலை பேசியிருக்கிறார். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பிளவுஸ் இல்லை, நோட்டின் ஒரு பக்கம். 'மணி' என்று புதிதாக ஒரு பத்தி, சிவப்புப் பேனாவில்.

இப்போது வேலையில் இருந்துகொண்டே யோசிக்கிறவர்கள், விடுவதற்கு முன்னால் ஆறு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். ஜூலை கடைசி வாரத்தில் மட்டும் வராதீர்கள். சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் அப்போதுதான் ரிட்டர்ன் ஞாபகம் வரும்.